எருக்குப்பை சரியா மக்கலயா? தொந்தரவு எதுன்னு பாத்து சரி பண்ற வழி

எங்க பக்கம், அதான் கடலூருக்கும் பாகூருக்கும் நடுவுல பெண்ணையாத்தங்கர ஓரம், மாடு வச்சிருக்குற எல்லா வீட்லயும் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி ஒரு குப்பைமேடு இருக்கும். டெய்லி காலைல சாணிய அள்ளி அது மேல கொட்டிட்டு வந்துடுவாங்க, சித்திரை வைகாசில டிப்பர் வச்சு அள்ளி கொல்லைல, அதான் பயிர் வைக்குற நெலத்துல, அடிச்சுடுவாங்க. அப்படி ஒரு வருஷம் கெடந்த குப்பைய வெட்டிப் பாத்தீங்கன்னா மேல வறட்டியா காஞ்சிருக்கும், அடில பச்சையா சேறா இருக்கும், நடுவுல ஒரு பட்டைதான் நெசமான எருவா இருக்கும். நாலு மாடு கட்டி வருஷா வருஷம் இந்த வேலைய பண்ணிட்டு இருக்கேன், எனக்கு வந்த தொந்தரவு, அக்கம்பக்கத்துல வந்து கேட்டு போயி பாத்த தொந்தரவு எல்லாத்தையும் இங்க எழுதுறேன்.

மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன். என்ன பிரச்சனையா இருந்தாலும் மேலாக்க பாத்து முடிவு பண்ணாதீங்க, மேல இருக்குறது வெயிலுக்கும் மழைக்கும் மாறிட்டே இருக்கும். மம்முட்டியால பக்கவாட்டுல வெட்டி ஒரு முழம் உள்ள போயி அங்கேர்ந்து ஒரு கை எருவ எடுங்க. நல்லா இறுக்கிப் புழியுங்க. விரல் இடுக்குல ரெண்டு மூணு சொட்டு தண்ணி கசிஞ்சா ஈரம் சரியா இருக்கு, 50-லேர்ந்து 60 சதவீதம்னு சொல்றது இதத்தான். தண்ணி தாரையா ஒழுகுனா ஜாஸ்தி, கைய திறந்ததும் பொலபொலன்னு உதுந்துட்டா கம்மி. அடுத்தது உள்ள சூடு இருக்கான்னு பாக்கணும், அதுக்கு கடப்பாரை. நடுவுல குத்தி அரை மணி நேரம் விட்டுட்டு உருவி, உள்ள இருந்த முனைய கையால புடிச்சுப் பாருங்க. புடிக்கவே முடியாம சுட்டுச்சுன்னா 55 டிகிரிக்கு மேல போவுதுன்னு அர்த்தம், வெதுவெதுன்னு இருந்தா 40 வாக்குல, ஜில்லுன்னு இருந்தா உள்ள ஒன்னும் நடக்கல. தெர்மாமீட்டர் இருந்தா நல்லதுதான், இல்லாட்டியும் இது போதும். இந்த ரெண்டையும் பாக்காம கடைக்கு போயி குப்பைய மக்க வைக்கிற பவுடர் பாக்கெட் வாங்காதீங்க.

குப்பை கட்டி பத்து நாளாச்சு, சூடே ஏறல

பெரும்பாலும் இதான் மொத கேள்வி. உள்ள கைவிட்டுப் பாத்ததுல வறண்டு இருந்துச்சுன்னா காரணம் சாணி காஞ்சு போனதுதான். சித்திரை வெயில்ல ரெண்டு நாள் வெளிய கெடந்த சாணி மேல் தோல் கட்டிப்போயி ஓடு மாதிரி ஆயிடும், அதுக்கு மேல எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் உள்ள இறங்காது, பக்கத்துல வழிஞ்சு ஓடிடும், நாமளும் தண்ணி விட்டாச்சுன்னு நினைச்சுக்குவோம். அத மம்முட்டி பின்பக்கத்தால தட்டி ஒடச்சு, ஒரு ராத்திரி தொட்டில ஊறவச்சு, அப்புறம்தான் குப்பைல சேக்கணும். கோமியம் கலந்த தண்ணில ஊறவச்சா இன்னும் நல்லது.

ஈரமா சேறா இருந்தா காத்து இல்ல. பச்சை சாணில 80 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், அத மட்டும் குவிச்சு வச்சா காத்து போக வழியே கெடையாது. கணக்குப் போட்டு பாத்தீங்கன்னா 10 கிலோ பச்சை சாணிக்கு 3-லேர்ந்து 4 கிலோ காஞ்ச வைக்கல் சேத்தாதான் ஈரம் 60 கிட்ட வரும். வைக்கல் வெயிட் இல்லாததால பாக்கும்போது சாணிய விட பல மடங்கு குவியலா தெரியும், இவ்ளோ போடணுமான்னு தோணும், போடணும். வைக்கல மாட்டுக்கு வச்சுக்கணும்னா கரும்பு சோகை, மல்லாட்டை (நிலக்கடலை) கொடியில மாடு தின்னாம விட்டது, முந்திரி சருகு, எது கெடைக்குதோ அது. நெல்லிக்குப்பம் பக்கம் சோகைய கொல்லையிலயே கொளுத்துறாங்க, அத பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேக்காது. சோகைய அப்படியே முழுசா போடாம ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் போடுங்க, இல்லன்னா கயிறு மாதிரி சிக்கி குப்பைய பொரட்டவே முடியாது.

ஈரமும் சரி, காத்தும் சரி, ஆனாலும் சூடில்லன்னா குவியல் சின்னதா இருக்கும். நீளம் அகலம் உயரம் மூணும் குறைஞ்சது மூணு அடியாவது இருந்தாதான் உள்ள பொறக்குற சூடு உள்ளயே நிக்கும். ஒரு மாடு ஒரு நாளைக்கு 10-லேர்ந்து 15 கிலோ சாணி போடும், ஒரே ஒரு மாடு வச்சிருக்குறவங்க டெய்லி கொஞ்சம் கொஞ்சமா கொட்டுனா எந்த நாளும் சூடு ஏறாது. ஒரு வாரத்து சாணிய நிழல்ல மூடி சேத்து வச்சு ஒரே நாள்ல அடுக்கா கட்டுங்க, இல்லன்னா பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி ரெண்டு வீட்டு சாணியையும் ஒன்னா போடுங்க.

சூடு நல்லா ஏறிச்சு, அஞ்சாறு நாள்ல இறங்கிடுச்சு. மக்கிடுச்சா?

மக்கல. உள்ள இருந்த காத்து தீந்துபோச்சு, அவ்ளோதான். பொரட்டிப் போடுங்க, வெளிய இருக்குறது உள்ள போகணும், உள்ள இருக்குறது வெளிய வரணும், போடும்போதே வறண்ட எடத்துல தண்ணி தெளிச்சுக்கோங்க. ரெண்டு மூணு நாள்ல திரும்ப சூடாகும். ஒவ்வொரு தடவையும் சூடு ஏறுறது கொஞ்சம் கொஞ்சமா குறையும், பொரட்டியும் சூடு ஏறல, ஈரமும் சரியா இருக்குன்னா அப்பதான் சூட்டு கட்டம் முடிஞ்சதுன்னு எடுத்துக்கணும். அதுக்கப்புறமும் ஒன்னு ரெண்டு மாசம் சும்மா ஆற விடணும், மண்புழு தானா வர்றது அந்த நேரத்துலதான்.

நாத்தம்

நாத்தம்னு சொன்னா நான் திருப்பி கேக்குற மொத கேள்வி எந்த மாதிரி நாத்தம்னுதான், ஏன்னா ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

மூக்க குத்துற மாதிரி, கண்ணு எரியுற மாதிரி, யூரியா மூட்டைய பிரிச்சா வருமே அந்த வாடைன்னா அது அமோனியா. சாணியும் கோமியமும் ஜாஸ்தி, வைக்கல் சருகு கம்மி. உங்க கொல்லைக்குப் போக வேண்டிய தழைச்சத்துதான் (நைட்ரஜன்) அப்படி காத்துல போவுது. காஞ்ச பொருள சேத்து பொரட்டி, மேல ரெண்டு விரல் கனத்துக்கு மண்ணு போட்டு மூடுங்க, கொளத்து வண்டல் கெடச்சா ரொம்ப நல்லது. இங்க நெறைய பேரு ஒரு தப்பு பண்றாங்க, நாத்தம் போகட்டும்னு அடுப்பு சாம்பலையும் சுண்ணாம்பையும் தூவுவாங்க. காரம் ஏற ஏற அமோனியா இன்னும் வேகமா வெளிய போகும், நாத்தமும் கூடும், சத்தும் போகும். சாம்பல எரு ஆறுன பின்னாடி போட்டுக்கலாம், இப்ப வேணாம். ஜிப்சம் இருந்தா தூவலாம், அது அமோனியாவ கொஞ்சம் புடிச்சு வச்சுக்கும்.

அழுகுன முட்டை வாடை, சாக்கடை வாடைன்னா உள்ள காத்தில்லாம அழுவுது. வெட்டிப் பாத்தா கருப்பா வழவழன்னு இருக்கும். இதுக்கு மேல மண்ணு போட்டு மூடுனா இன்னும் கெட்டுப்போகும். அன்னிக்கே பிரிச்சு பரப்பி, ஒரு பகல் காத்தாட விட்டு, காஞ்ச பொருளோட கலந்து திரும்ப கட்டுங்க. அடில ஒரு அடுக்கு சவுக்கு மிளாறோ தொவரை மாரோ குறுக்கும் நெடுக்குமா போட்டுட்டு அது மேல கட்டுனா அடிலேர்ந்து காத்து போகும். சவுக்கு நம்ம கரையோரம் எங்க பாத்தாலும் கெடைக்குது, காசு செலவே இல்ல.

மழைல குழி ரொம்பிடுச்சு

இத கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நம்ம ஊருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய சோதனை. எங்க அப்பா காலத்துலேர்ந்து எருக்குழின்னா தோண்டுன குழிதான், மூணடி ஆழம். கோடைல அது சரி, ஈரம் காக்கும். ஆனா 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரைய கடந்தப்ப புதுச்சேரில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் டேம் தண்ணி தெறந்து பெண்ணையாத்துலயும் வெள்ளம். என் குழி கொளமாயிடுச்சு. டீ டிகாக்ஷன் கலர்ல தண்ணி வழிஞ்சு வாய்க்கால்ல போனத நின்னு பாத்துட்டு இருந்தேன், அந்த கலர்ல கரைஞ்சு போனதெல்லாம் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தழைச்சத்தும்தான், எட்டு மாசத்து சாணி.

அப்படி ரொம்பிட்டா ஒடனே கிண்டாதீங்க. குழிக்கு ஒரு பக்கம் கரைய வெட்டி தண்ணிய மெதுவா வடிய விடுங்க, வடியுற தண்ணி தென்னைக்கோ வாழைக்கோ போற மாதிரி வாய்க்கால் திருப்புங்க, கெணத்துப் பக்கமும் குட்டைப் பக்கமும் போக விடாதீங்க. மூணு நாலு நாள் கழிச்சு மேல எடுத்து மேட்டுல போட்டு காஞ்ச சருகோட கலந்து புதுசா கட்டுங்க. எல்லார் வீட்டு வைக்கலும் நனைஞ்சிருக்கும் அந்த நேரத்துல, எனக்கு கைகொடுத்தது பண்ருட்டி பக்கம் சொந்தக்காரங்க கொட்டாய்ல மூட்டை கட்டி வச்சிருந்த முந்திரி சருகுதான். அதனால இப்ப புரட்டாசிக்குள்ள பத்து சாக்கு காஞ்ச சருக கட்டி பரண்ல போட்டுடுறேன்.

பாகூர் மாதிரி களிமண் பூமியா இருந்தா மழைக்காலத்துல குழியே வேணாம், மேட்டுல குவியலா கட்டி சுத்தி ஒரு வாய்க்கால் எடுங்க. மேல் பக்கத்த கூரை மாதிரி சரிவா பண்ணி தென்னங்கீத்து போடுங்க. தார்ப்பாய் போட்டா பக்கவாட்டுல காத்து போற மாதிரி தூக்கி கட்டுங்க, ஒட்டிப் போத்துனா உள்ள அழுகிடும். அதே குவியல கோடைல கட்டும்போது உச்சிய தொட்டி மாதிரி குழிவா விட்டா ஊத்துற தண்ணி உள்ளயே இறங்கும்.

புழு வச்சிருக்கு

சின்னதா வெள்ளையா அரிசி மாதிரி நெளிஞ்சா ஈப்புழு. பச்சை சாணிய மேலயே விட்டா வரும். எருவுக்கு கெடுதல் இல்ல, ஆனா மாட்டுக்கும் வீட்டுக்கும் ஈ தொல்லை. டெய்லி சாணி கொட்டுனதும் ஒரு கை வைக்கலோ மண்ணோ மேல போடுங்க, வாரத்துக்கு ஒரு தடவ மேல்பக்கத்த உள்ள தள்ளுங்க, சூட்டுல செத்துடும். கோழி இருந்தா அவுத்து விட்டுடுங்க, அது பாத்துக்கும்.

கட்டைவிரல் தண்டிக்கு, வெள்ளையா, செம்பழுப்பு தலையோட, பாதி வட்டமா சுருண்டு கெடந்தா கொஞ்சம் உஷாரா இருங்க. அது காண்டாமிருக வண்டோட புழுவா இருக்கலாம். அது குப்பைய தின்னுட்டு வளரும், வளந்து வண்டா பறந்து போயி தென்னங்குருத்த தொளைக்கும். உங்க தோப்புல புதுசா விரியிற மட்டை விசிறிய கத்திரியால வெட்டுன மாதிரி முக்கோணம் முக்கோணமா வெட்டுப்பட்டு இருக்கா, குருத்து அடில மென்னு துப்புன சக்கை இருக்கா, இருந்தா மரத்துக்கு மருந்து தேடுறதுக்கு முன்னாடி உங்க எருக்குழிய வெட்டிப் பாருங்க. எங்க சித்தப்பா தோப்புல நாலு கன்னு குருத்து சாஞ்சு போச்சு, எங்கெங்கயோ விசாரிச்சாரு, கடைசில பாத்தா தோப்பு ஓரத்துல ரெண்டு வருஷமா பொரட்டாம கெடந்த அவரோட குப்பைலயே ஒரு மம்முட்டி வெட்டுக்கு ஆறேழு புழு உருண்டு விழுந்துச்சு.

ஆனா எல்லா சுருண்ட புழுவும் அது இல்ல. எடுத்து மட்டமான தரைல போட்டு ஒரு நிமிஷம் பாருங்க. முதுக தரைல வச்சு, கால மேல தூக்கிட்டு, அப்படியே முதுகாலயே வேகமா நகந்து போச்சுன்னா அது வேற வண்டு, பூவுல வந்து உக்காருமே பளபளன்னு, அந்த இனம். அது குப்பைய பொடி பண்ணி கொடுக்குற புழு, விட்டுடுங்க. சுருண்ட மேனிக்கு பக்கவாட்டுலயே படுத்துக் கெடக்குறதத்தான் பொறுக்கணும்.

பொறுக்குறதுதான் மொத வேலை, ஒன்றரை ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ குப்பைய பொரட்டுனா புழு வண்டாகுறதுக்கு முன்னாடியே மாட்டிக்கும், அதுக்கு புழுவாவே மூணு நாலு மாசம் ஆகும். அப்புறம் மெட்டாரைசியம்னு பச்சை பூஞ்சாணம் விக்குது, அத பாக்கெட்ல போட்ருக்குற அளவுக்கு தண்ணில கரைச்சு சாயங்காலமா குப்பைல தெளிக்கணும், குப்பை ஈரமாவும் ஆறியும் இருக்கணும், சூடு ஏறுற குப்பைல தெளிச்சா பூஞ்சாணம் செத்துடும். தோப்புல அங்கங்க மண்பானைல ஒரு கிலோ ஆமணக்கு புண்ணாக்க அஞ்சு லிட்டர் தண்ணில ஊறவச்சு வச்சா வண்டு வந்து விழும். புயல்ல சாஞ்ச தென்னங்கட்டைய மக்க விட்டு வச்சிருந்தாலும் அதுலயும் இதே வண்டு முட்ட வைக்கும், 2011 டிசம்பர்ல ‘தானே’ புயல் அடிச்சப்ப விழுந்த மரத்த பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும், கட்டைய அறுத்து அப்புறப்படுத்திடுங்க.

மல்லாட்டை போடுறவங்களுக்கு இன்னொன்னு, மக்காத எருவோட வேர்ப்புழு கொல்லைக்கு வந்து சேந்துடும், செம்மண் பூமில ரொம்ப தொல்லை பண்ணும். அதனால மல்லாட்டைக்கு போற எரு கண்டிப்பா சலிச்சு போகணும்.

வெள்ளை பூத்துருக்கு, சாம்பல் மாதிரி இருக்கு, காளான் மொளச்சிருக்கு

காளான் வந்தா சந்தோசப்படுங்க, வைக்கல் மக்குது. ஒரு முழம் உள்ள வெள்ளையா தூசி படிஞ்ச மாதிரி இருந்தா அதுவும் நல்ல நுண்ணுயிர்தான், மழை பேஞ்ச மண்வாசனை வர்றது அதாலதான். ஆனா உள்ள முழுக்க சாம்பலா, தொட்டா பொடியா, வறண்டு, சூடாவும் இருந்துச்சுன்னா சூடு 70 டிகிரிக்கு போயி ஈரம் வத்திடுச்சு. ஒடனே பிரிச்சு தண்ணி விட்டு, அஞ்சடிக்கு மேல உயரம் இருந்தா ரெண்டா பிரிச்சு கட்டுங்க.

கரையானும் எறும்பும் வந்தா அது வறட்சியோட அடையாளம், மருந்து வேணாம், தண்ணி விட்டு பொரட்டுனா போயிடும்.

எரு போட்ட எடமெல்லாம் களை

மாடு தின்ன புல்லு விதை சாணில உசுரோட வரும். 55 டிகிரிக்கு மேல மூணு நாளாவது நின்னாதான் சாவும், வெளி ஓரத்துல அந்த சூடு எந்த நாளும் வராது, அதனாலதான் வெளிய இருக்குறத உள்ள தள்ளி மூணு நாலு தடவ பொரட்ட சொல்றது. சாரணை, பார்த்தீனியம் பூக்குறதுக்கு முன்னாடியே புடுங்கிப் போட்டா பயமில்ல. கோரைதான் மோசம், அது கெழங்கு. குப்பை ஓரத்துலயே வேர் புடிச்சு உள்ள போகும். ஒரு வருஷம் எரு பத்தாம வெளிலேர்ந்து ரெண்டு லோடு வெல கொடுத்து வாங்கிப் போட்டேன், அதுக்கு முன்னாடி அந்த கொல்லைல கோரையே கெடையாது, இன்னிக்கு வரைக்கும் வெட்டிட்டு இருக்கேன். இப்ப வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு கை எருவ கேட்டு வாங்கி ஒரு தட்டுல போட்டு தண்ணி தெளிச்சு பத்து நாள் வச்சு பாத்துடுறேன், மொளைச்சா வேணாம்னு சொல்லிடுறேன். நீங்களும் செய்ங்க, விக்கிறவங்க யாரும் இதுக்கு கோச்சுக்கறதில்ல.

எரு போட்டப்புறம் பயிர் மஞ்சளாயிடுச்சு, இலை ஓரம் கருகுது

மஞ்சளானா அரைகுறையா மக்குன எரு. வைக்கலும் சருகும் மண்ணுல போயி மக்கும்போது அதுக்கு வேண்டிய தழைச்சத்த பயிர்கிட்டேர்ந்து புடுங்கிக்கும். கடலைப்புண்ணாக்கு ஊறவச்ச தண்ணியோ கொஞ்சம் யூரியாவோ கொடுத்தா ஏறி வந்துடும். நெல்லு வயல்னா இன்னொரு தொந்தரவு, தேங்கி நிக்கிற தண்ணில பச்சை எரு அழுகி வேர் கருப்பாயிடும், ஒரு குத்து புடுங்கி வேர மோந்து பாத்தா தெரியும். தண்ணிய வடிச்சு மண்ணு லேசா வெடிக்கிற வரைக்கும் விட்டு அப்புறம் கட்டுங்க, காய்ச்சலும் பாய்ச்சலுமா விட்டா புது வெள்ளை வேர் வரும்.

இலை ஓரம் மட்டும் கருகுனா உப்பா இருக்கலாம். கடலோரத்துல போர் தண்ணி உப்பா வர்ற எடத்துல அந்த தண்ணியவே மாசக்கணக்குல குப்பைக்கு விட்டா தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் தங்கிடும். குட்டை தண்ணி, மழை தண்ணி விடுங்க, அந்த எருவ நாத்தங்காலுக்கும் அவரை பீன்ஸுக்கும் போடாம தென்னைக்கு போடுங்க.

போடுறதுக்கு முன்னாடியே கண்டுபுடிக்க வழி இருக்கு. ஈரமான எருவ ஒரு பாலித்தீன் கவர்ல இறுக்கி கட்டி மூணு நாள் வச்சு திறங்க, புளிச்ச வாடையோ அமோனியா வாடையோ வந்தா இன்னும் ஆகல, மண்வாசனை வந்தா ரெடி. சந்தேகமா இருந்தா ஒரு தட்டுல வெறும் மண்ணு, இன்னொரு தட்டுல பாதி எரு பாதி மண்ணு, ரெண்டுலயும் இருபது இருபது பச்சைப்பயறு போடுங்க, ஒரு வாரத்துல ரெண்டும் ஒரே மாதிரி மொளச்சு நிக்கணும். கீரைக்கு மட்டும் அரைகுறை எருவ எந்த காரணத்துக்காகவும் போடாதீங்க, பச்சை சாணில இருக்குற கிருமி இலை மேலயே ஒட்டும், நம்ம புள்ளைங்கதான் சாப்புடுதுங்க.

பவுடர் போட்டும் மக்கல

குப்பைய மக்க வைக்கிற நுண்ணுயிர் பாட்டில்ல விக்குதே, அந்த வேஸ்ட் டீகம்போசர்னா 200 லிட்டர் தண்ணி, 2 கிலோ வெல்லம், ஒரு பாட்டில், ஒரு வாரம் கலக்கி விட்டு தெளிக்கிறோம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட பயோமினரலைசர் ஒரு டன்னுக்கு 2 கிலோ. ரெண்டும் நல்லதுதான், சோகை மாதிரி மக்க மறுக்குற பொருளுக்கு உதவும். ஆனா சாணியே நுண்ணுயிர் மூட்டைதான், வறண்ட குப்பைலயும் காத்தில்லாத குப்பைலயும் எத தெளிச்சாலும் வேலை செய்யாது. கொட்டாய் கழுவுன பினாயில் தண்ணி குப்பைக்கு போவுதான்னும் பாருங்க, போச்சுன்னா வேற பக்கம் திருப்புங்க.

குப்பை பாதியா கொறஞ்சுபோச்சு, கொல்லைக்கு பத்தல

கொறையறது சரிதான், மக்குனா பாதிக்கு கீழ கூட வரும். பரிந்துரை எக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன், நாலு மாட்ட வச்சுக்கிட்டு எல்லா கொல்லைக்கும் அது முடியாது. அப்ப ஊட்டமேத்துன தொழு உரம் பண்ணுங்க. ஏக்கருக்கு 300 கிலோ நல்லா மக்குன எரு, சலிச்சது, அதோட அந்த பயிருக்கு போட வேண்டிய சூப்பர் பாஸ்பேட் மொத்தத்தையும் கலந்து, புழிஞ்சா கைல ஒட்டுற அளவுக்கு ஈரம் வச்சு, நிழல்ல குவிச்சு, ஈர சாக்கு போட்டு ஒரு மாசம் மூடி வைங்க. ஆடிப்பட்டத்து மல்லாட்டைக்கு ஆனி மொத வாரமே ஆரம்பிச்சுடணும். கொல்லைக்கு எடுத்துட்டு போறது சாயங்காலமா இருக்கட்டும், எறைச்ச அன்னிக்கே ஏர் ஓட்டி மூடிடுங்க, அங்கங்க குமி குமியா கொட்டி வாரக்கணக்குல வெயில்ல விட்டீங்கன்னா இவ்ளோ நாள் காப்பாத்துன தழைச்சத்து அங்கயே ஆவியா போயிடும்.